நாய்க்கு வாசித்துக் காட்டிய சனிக்கிழமைகள்: சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு மதிப்புரை

எட்டு வயதாகும் என் மகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நன்றாகத் தெரியும். மனத்துக்குள் படித்துவிட்டுக் கதையையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவாள். வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னால் மட்டும் குரல் தொண்டையைத் தாண்டி வராது. சென்ற ஆண்டு நடந்த பெற்றோர் சந்திப்பில் அவளுடைய ஆசிரியை இதைச் சொல்லிவிட்டு, தனிப்பயிற்சி எதையும் பரிந்துரைக்காமல், நூலகத்துக்குச் சனிக்கிழமைகளில் நாய்கள் வருகின்றன, அவற்றுக்கு வாசித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே முதலில் நினைத்தேன். மதுரைப் பக்கம் வளர்ந்தவனுக்கு நாய் என்பது ஒன்று வீட்டுக் காவல், இல்லாவிட்டால் கையில் கல்லை எடுத்துக்கொண்டு கடக்க வேண்டிய தெருமுனை. பாடம் கேட்கிற பிராணியாக அதை எண்ணிப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் சால்ட் லேக் பள்ளத்தாக்கின் குளிர்காலத்தில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இடங்கள் அதிகமில்லை என்பதால், நவம்பரில் தொடங்கி மார்ச் வரை ஒன்பது சனிக்கிழமைகள் போய்வந்தோம். இரண்டு கிளை நூலகங்களையும் மூன்று நாய்களையும் பார்த்த அந்த அனுபவத்தை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இந்தச் சேவை பிறந்த ஊரே இதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்டர்மவுன்டன் தெரபி அனிமல்ஸ் என்ற இங்குள்ள அமைப்பு, தன்னார்வலர்களின் வளர்ப்பு விலங்குகளை நோயாளிகளிடம் அழைத்துச் செல்லும் பணியைச் செய்து வந்தது. அதன் நிர்வாகக் குழுவில் இருந்த சாண்டி மார்ட்டின் என்ற செவிலியருக்கு, படுக்கையில் இருப்பவரின் பதற்றத்தைத் தணிக்கிற நாய், புத்தகத்தைக் கண்டு பதறும் பிள்ளைக்கும் உதவக்கூடும் என்று தோன்றியதிலிருந்து 1999-ஆம் ஆண்டு இத்திட்டம் உருவானது. ரீடிங் எஜுகேஷன் அசிஸ்டன்ஸ் டாக்ஸ் என்று நீட்டிப் பெயர் வைத்து, அதன் முதலெழுத்துகள் 'ரீட்' என்று வருமாறு அமைத்துக்கொண்டார்கள். முதல் அமர்வுகள் சால்ட் லேக் சிட்டி பொது நூலகத்தில் நடந்தன. மார்ட்டின் வளர்த்த ஒலிவியா என்ற போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் இன நாய்தான் அப்போது கதை கேட்க வந்தவற்றில் முன்னோடி. இன்று ஊர் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும், மோஷே சாஃப்டி வடிவமைத்த கண்ணாடி நூலகக் கட்டடம் 2003-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே நாய்கள் அந்தக் கட்டடத்துக்கும் மூத்தவை. பிறகு இந்த யோசனை பள்ளிகளுக்கும் வேறு மாநிலங்களுக்கும் வேறு நாடுகளுக்கும் பரவியது. பிரிட்டனில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் பெட்ஸ் ஆஸ் தெரபி அமைப்பின் வழியாகவும், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் 2009-இல் அங்கு தொடங்கிய ஸ்டோரி டாக்ஸ் வழியாகவும் இதே போன்ற சேவையைப் பெறலாம்.

ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது, ஏனென்றால் இதைக் குறித்துப் பேசும்போது நம்மவர்களில் பலர் சேவை நாய், தெரபி நாய் இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய், வலிப்பு வருபவருடன் இருக்கும் நாய் ஆகியவை ஒரே ஒருவருக்காகப் பயிற்றுவிக்கப்பட்ட சேவை நாய்கள். அமெரிக்கச் சட்டப்படி அவை உணவகம், விமானம் என்று தம் உரிமையாளருடன் செல்லலாம், பணியில் இருக்கும்போது அவற்றைத் தடவுவது தவறு. தெரபி நாய் அப்படியல்ல. அது யாரோ ஒருவர் வீட்டில் வளரும் சாதாரணச் செல்லப் பிராணி. அதன் பணியே அந்நியர்கள் தன்னைத் தொடுவதைப் பொறுத்துக்கொள்வதும், முடிந்தால் விரும்புவதும்தான். அழைக்கப்பட்ட இடத்துக்கு மட்டும், அழைத்த நேரத்தில் மட்டும் அது வரும்.

முதல் நாள் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குழந்தைகள் பிரிவின் கோடியில், சன்னலோரமாக ஒரு பாயை விரித்து, அதன்மீது மூஞ்சியெல்லாம் நரைத்த ஒரு கறுப்பு லாப்ரடார் படுத்திருந்தது. பக்கத்தில் அதன் உரிமையாளரான, ஓய்வு பெற்ற வயதுள்ள ஒரு பெண்மணி, கழுத்து வார் கையில் தளர்ந்து கிடக்க, சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் இருந்த தாளில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பெயராக நான்கு பெயர்கள், எங்களுடையது மூன்றாவது. எங்கள் முறை வந்ததும் அந்தப் பெண்மணி என் மகளின் பெயரைக் கேட்டு, அதை நாயிடம் திரும்பச் சொல்லி அறிமுகம் செய்துவைத்தார். கையை முகர்ந்து பார்க்க விடலாமா என்று பிள்ளையிடம் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டியதும், அப்படியானால் அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, நாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் தாமே நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். வற்புறுத்தலோ, 'ஒன்றும் செய்யாது' என்ற சமாதானமோ இல்லை. அந்த 'ஒன்றும் செய்யாது' என்ற சொல்லை நாய் வளர்ப்பவர்கள் எத்தனை முறை எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, இவர் அதைச் சொல்லாததற்காகவே இச்சேவைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுப்பேன்.

அன்று அவள் மூன்று பக்கங்களே படித்தாள், அதுவும் எனக்குக் கேட்காத குரலில். நான்காவது வாரத்தில்தான் நான் எதிர்பாராத ஒன்றைக் கவனித்தேன். கோட்டை, இளவரசி என்று போன ஒரு கதையில், குதிரை வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல் வந்தது. ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் உச்சரிக்கப்படாத ஒரு 'கே' ஒட்டிக்கொண்டிருப்பதால் இவள் அதைக் 'க்நைட்' என்று படித்துவிட்டுச் சந்தேகத்துடன் நின்றாள். என் வாய் திறந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்மணி எனக்கு முந்திக்கொண்டு, நாயின் காதைத் தூக்கி உள்ளே பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "இவன் இந்தச் சொல்லை இதுவரை கேட்டதே இல்லை போலிருக்கிறது, படத்தில் அவர் யார் என்று இவனுக்குக் காட்டுகிறாயா?" என்றார். என் மகள் புத்தகத்தைத் திருப்பி நாயின் மூக்கருகே கொண்டுபோய், கவசம் அணிந்து குதிரைமேல் இருப்பவனை விரலால் தொட்டுக் காட்டினாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பொறிதட்டி, "ஓ, நைட்" என்றாள். நாய் அந்தப் பக்கத்தை முகர்ந்துவிட்டுப் பெருமூச்சு விட்டது. திருத்தியது யார் என்றே தெரியாமல் பிழை திருந்திவிட்டது.

இது தற்செயலாக நடந்ததல்ல. நாயை அழைத்து வருகிறவருக்கு இத்திட்டத்தில் அளிக்கப்படும் பயிற்சியின் சாரமே இந்த உத்திதான் என்பதை அவரிடம் பேசியபோது அறிந்தேன். தெரியாமை பிள்ளையினுடையதாக இல்லாமல் நாயினுடையதாக ஆக்கப்படுகிறது. பிள்ளை மாணவர் இடத்திலிருந்து ஆசிரியர் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. 'இவனுக்கு இந்த இடம் புரியவில்லை, இன்னொரு தடவை படிப்பாயா', 'அடுத்து என்ன நடக்கும் என்று இவன் யோசிக்கிறான், நீ என்ன நினைக்கிறாய்' என்று கேள்விகள் எல்லாம் நாயின் வாயிலிருந்தே வருகின்றன. ஆகவே இச்சேவையை வெறுமனே 'குழந்தையும் நாயும் கொஞ்சும் நேரம்' என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இதன் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பாயில் உண்மையில் வேலை செய்கிறவர் மனிதர்தான், நாய் அவருக்கு ஒரு திரை. ஒன்பது வாரங்களின் முடிவில் நான் வந்தடைந்த முக்கியமான கருத்து இதுவே: எந்த நாய் என்பதைவிட அதை அழைத்து வருகிறவர் யார் என்பதைப் பார்த்துத்தான் அமர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது கிளையில் நாங்கள் சந்தித்த இணை அதற்கு எதிர்ச்சான்று. நாய் அருமையானது; பொன்னிறச் சடையுடன், பிள்ளையின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும் கோல்டன் ரெட்ரீவர். அழைத்து வந்தவரும் நல்லவர்தான். ஆனால் ஒவ்வொரு பிழைக்கும் சரியான உச்சரிப்பை மெல்லிய குரலில் எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது திருத்தத்தில் என் மகளின் குரல் இறங்கியது, ஆறாவதில் புத்தகம் மூடப்பட்டது. மிச்ச நேரத்தை நாயின் காதைத் தடவியே கழித்துவிட்டாள். அவரைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை என்பதும் உண்மை. வீட்டில் நான் செய்வதும் அதுதான்.

இதைக் கேள்விப்பட்டதும் வாட்ஸ்அப்பில் என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "நாய்க்குப் போயி என்னத்தப்பா வாசிச்சுக் காட்டுறது? அதுக்கு என்ன தெரியும்?" என்பதாக இருந்தது. அந்தக் கேள்வியோடு நான் சில நாட்கள் திரிந்தேன். பிறகுதான் என் தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் எழுத்து வாசனை அறியாதவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, ஏழெட்டு வயதிலிருந்த என்னைத் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்கச் சொல்வார். நான் பிழையாகப் படித்தால் அவருக்குத் தெரியாது. சில இடங்களை விழுங்கிவிட்டுப் போனாலும் தெரியாது. வெற்றிலையை மென்றுகொண்டு 'ம்' கொட்டுவார், பாதியில் தூங்கியும் போவார். ஊர்த் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கும் வழக்கம் அப்போது இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குப் பயந்து திக்கித் திணறிய நான் திண்ணையில் மட்டும் தடையில்லாமல் படித்ததற்குக் காரணம், கேட்கிறவருக்குத் திருத்தத் தெரியாது என்பதுதான். இதை அம்மாவிடம் சொன்னபோது, "எங்கப்பாவ நாயோட சேக்குறியாக்கும்" என்று கோபித்துக்கொண்டு, சற்று நேரம் கழித்து அவரே சிரித்துவிட்டார்.

தமிழ்ப் பெற்றோருக்கு இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. அதை நான் எந்த அறிவிப்புப் பலகையிலும் பார்க்கவில்லை. நாய்க்கு மொழி ஒரு பொருட்டில்லை. ஆறாவது வாரம் அந்த லாப்ரடாரின் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, ஞாயிறு தமிழ்ப் பள்ளியின் பாடநூலை எடுத்துச் சென்றோம். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது என்பதால் இப்போது நாயும் அவரும் ஒரே நிலையில் இருந்தார்கள். வீட்டில் 'பழம்' என்பதைப் 'பலம்' என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கும் பிள்ளை, அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து, 'வாழை, மழை, குழந்தை' என்று தன் இஷ்டப்படி ழகரத்தை உருட்டிக்கொண்டு ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் படித்தாள். பாதி ழகரங்கள் லகரமாகவே இருந்தன. நான் பாயிலிருந்து பத்தடி தள்ளி, நாளிதழ் அடுக்கின் பின்னால் நின்றுகொண்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் காரில், அந்த நாய்க்குத் தமிழ் பிடித்திருக்கிறது என்றும், ஆங்கிலம் படித்தபோது அது தூங்கியது, தமிழுக்குத் தூங்கவில்லை என்றும் எனக்கு அறிவிக்கப்பட்டது.

உடல்நலம் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம், ஆகவே இந்தக் கவலை இயல்பானது. இங்கே பதிவு பெறும் நாய்கள் தடுப்பூசிச் சான்றும் கால்நடை மருத்துவரின் பரிசோதனையும் பெற்ற பிறகு, குணத்துக்காகவும் கீழ்ப்படிதலுக்காகவும் தனித் தேர்வுக்கு உட்படுகின்றன. திடீர்ச் சத்தம், பின்னாலிருந்து வந்து கட்டிப்பிடித்தல், ஒரே நேரத்தில் பல கைகள் தொடுதல் ஆகியவற்றுக்கு அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கிறார்கள். வருவதற்கு முன் குளிப்பாட்டி, நகம் வெட்டி, பல் துலக்கி அழைத்து வர வேண்டும். கழுத்து வாரை எப்போதும் கையிலிருந்து விடக் கூடாது. நாடு தழுவிய பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு, பச்சை இறைச்சி தின்னும் விலங்குகளை, கிருமிப் பரவலுக்கு அஞ்சிப் பதிவு செய்வதில்லை. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு விலங்கைப் பணியில் வைக்கவும் விடுவதில்லை. நாய்கள் மட்டுமல்ல, பூனை, முயல், கினிப்பன்றி ஆகியவையும் இப்படிப் பதிவு பெற்றுக் கதை கேட்கின்றன என்பதை நாய்க்கு அஞ்சும் குடும்பங்கள் கவனிக்கலாம். எங்கள் பகுதியில் அவை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அமர்வுக்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் அழைத்துச் செல்லக் கூடாது.

நாயின் நலத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை எங்களுக்கு முந்தைய பிள்ளை படித்துக்கொண்டிருந்தபோது லாப்ரடார் இரண்டு மூன்று முறை கொட்டாவி விட்டு, உதட்டை நக்கிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. தூக்கம் என்றே நான் நினைத்தேன். உரிமையாளரோ உடனே அமர்வை முடித்துக்கொண்டு, இவன் களைத்துவிட்டான் என்று சொல்லி வெளியே அழைத்துச் சென்றுவிட்டார். அவை நாய்கள் மனஅழுத்தத்தைக் காட்டும் குறிகளாம். எங்கள் முறை அன்று போயிற்று. என் மகளுக்கு ஏமாற்றம்தான், ஆனால் அந்த முடிவு சரியானது, அதைப் பிள்ளைகளின் எதிரில் எடுத்ததும் சரியானது.

இதனால் வாசிப்புத் திறன் உண்மையிலேயே வளர்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். விளம்பரத் துண்டுகளில் சொல்லப்படுவதைவிடச் சான்றுகள் அடக்கமானவை. 1983-இல் எரிக்கா ஃப்ரீட்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 9 முதல் 16 வயது வரையிலான 38 பிள்ளைகளை ஓய்வாக இருக்கவும் உரக்கப் படிக்கவும் செய்து இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். நாய் உடனிருந்தபோது இரண்டு நிலைகளிலும் அழுத்தம் குறைவாக இருந்தது. 2019-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஒகனாகன் வளாகத்தில் நடந்த ஆய்வில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான 17 பிள்ளைகளுக்குத் தம் நிலைக்குச் சற்று மேலான பகுதிகளைக் கொடுத்தபோது, நாய் அருகிலிருந்த சமயத்தில் அவர்கள் கூடுதல் நேரம் விடாமல் படித்தார்கள். பதற்றம் குறைகிறது, கைவிடாமல் முயல்கிறார்கள் என்பது வரை ஏற்கலாம். ஆனால் பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இத்துறையின் 48 ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்தபோது, பலன் இருப்பதற்கான அறிகுறிகள் தென்பட்டாலும் பெரும்பாலான ஆய்வுகள் சான்றுத் தரத்தில் மிகக் கீழே இருக்கின்றன என்று எழுதினார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு, ஒப்பிட்டுப் பார்க்க நாயில்லாத குழு பல ஆய்வுகளில் இல்லை. வாரம் பதினைந்து நிமிடம் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டாலே பிள்ளை முன்னேறாதா, அதற்கு நாய் எதற்கு என்ற கேள்விக்கு அவற்றால் பதில் சொல்ல முடியாது. என் வீட்டு அனுபவமும் ஒரே ஒரு பிள்ளையின் அனுபவம்தான். மார்ச் மாதச் சந்திப்பில், இப்போது வகுப்பில் கை தூக்குகிறாள் என்று ஆசிரியை சொன்னார்; அதற்கு நாய் காரணமா, நான்கு மாதம் வளர்ந்தது காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். முன்பதிவுதான் பெரிய தலைவலி. எங்கள் கிளையில் மணிக்கு நான்கு பிள்ளைகளே படிக்க முடியும் என்பதால் இடங்கள் திறந்த சில நிமிடங்களில் நிரம்பிவிடுகின்றன. பெயர் கொடுத்துவிட்டு வராமல் போகிறவர்களால் பாய் காலியாகக் கிடக்கும்போதும், காத்திருப்போர் பட்டியலில் இருப்பவரை அழைக்க அங்கே ஏற்பாடு இல்லை. இரண்டு முறை பனியில் நாற்பது நிமிடம் காரோட்டிப் போன பிறகுதான் நாய் வரவில்லை என்று தெரிந்தது. தன்னார்வலர் வராமல் போவதைக் குறை சொல்ல மாட்டேன்; காலையிலேயே தெரிந்த செய்தியை ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பாமல் விட்டது நூலகத்தின் பொறுப்பின்மை. இரண்டாவது கிளையில் பாயை விரித்த இடம் கைக்குழந்தைகள் விளையாடும் மூலைக்கு அடுத்தது. மரக்கட்டைகள் சரிந்து விழும் ஒவ்வொரு முறையும் நாயும் பிள்ளையும் சேர்ந்து திடுக்கிட்டார்கள். போதாக்குறைக்கு, வேடிக்கை பார்க்கும் பெற்றோர் பாயைச் சுற்றி நின்று கைபேசியில் படமெடுக்கிறார்கள். குரல் எழாத பிள்ளையை ஒதுக்குப்புறமாக உட்கார வைப்பதற்காக உண்டான ஏற்பாட்டை மேடையாக மாற்றிவிட்டால் பிறகு அதில் என்ன இருக்கிறது? ஒரு மடக்குத் திரையை வைத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது.

யாரை அழைத்துச் செல்லலாம், யாரை வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். எழுத்துக் கூட்டத் தெரிந்தும் கேட்பவர் முகத்துக்கு அஞ்சுகிற பிள்ளை, புது நாட்டுக்கு வந்து உச்சரிப்புக்காகக் கேலிக்கு ஆளான பிள்ளை, திக்கிப் பேசுகிற பிள்ளை ஆகியோருக்கு இது மிகவும் ஏற்றது என்பது என் எண்ணம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பே பிடிபடாமல், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடோ என்று சந்தேகிக்கப்படும் பிள்ளைக்கு இது மட்டும் போதாது. அப்பிள்ளைக்கு முறையான மதிப்பீடும் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பு ஆசிரியரும் தேவை. நாய் அருகில் இருந்தால் அது சுகமாக இருக்கலாம், ஆனால் சுகமாக இருக்கிறது என்று ஓர் ஆண்டைக் கடத்திவிட்டால் இழப்பு பிள்ளைக்குத்தான். நாயைக் கண்டாலே அலறுகிற பிள்ளையை அச்சம் தெளிவிக்கவென்று இங்கே அழைத்து வருவதும் முறையாகாது; இது அதற்கான இடமல்ல, பின்னால் மூன்று பேர் புத்தகத்தோடு காத்திருக்கிறார்கள்.

கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் தம் சொந்தப் பெட்ரோலைச் செலவழித்து வருகிற தன்னார்வலர்கள். நன்கொடை தர விரும்பினால் நூலகத்திடம் தராமல் நாயைப் பதிவு செய்த அமைப்பிடம் நேரே தருவது நல்லது. புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். என் மகள் ஒரு முறை முயல் வளர்ப்புக் கையேட்டை எடுத்துப் போய், முயலுக்குத் தர வேண்டிய காய்கறிகளின் பட்டியலை நாய்க்கு முழுவதுமாகப் படித்துக்காட்டினாள், அதையும் அது கேட்டுக்கொண்டது. பெற்றோர் கண்ணுக்கெட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் உட்காருவது உத்தமம். மொத்தத்தில் முதல் கிளைக்கு ஐந்துக்கு நாலரை, இரண்டாவதற்கு மூன்று.

பல இடங்களில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் அமர்வுகளை முடித்த பிள்ளைக்கு நாய் 'கையொப்பமிட்ட' ஒரு புத்தகத்தைப் பரிசாகத் தருகிறார்கள். நாயின் பாதத் தடத்தை வெட்டிச் செய்த ரப்பர் முத்திரையை முதல் பக்கத்தில் குத்துவதுதான் அந்தக் கையொப்பம். மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை என் மகளுக்கும் அது கிடைத்தது. வாங்கிக்கொண்டவள் அங்கேயே நின்று, பையிலிருந்து தமிழ்ப் பாடநூலை எடுத்து நீட்டி, இதையும் அது கேட்டதே, இதிலும் போட வேண்டும் என்றாள். அந்தப் பெண்மணி நூலின் முதல் பக்கம் எது என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உயிரெழுத்து வரிசைக்கு மேலே காலியாக இருந்த இடத்தில் முத்திரையை அழுத்தினார். மை சற்று அதிகமாகி ஔகாரம் வரை பரவிவிட்டது. மறுநாள் தமிழ்ப் பள்ளியில் அவளுடைய ஆசிரியர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இது என்ன கண்ணு, மை கொட்டிருச்சா?" என்று கேட்டாராம்.